ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது, தூங்கவே பயமாக இருக்கிறது: என்ன செய்யலாம்?

உங்களுக்கு 17 வயது என்றும், ஒரே கனவு வாரத்தில் பல நாட்கள் வருவதால் அதற்குப் பயந்து இரவு 2 மணி வரை விழித்திருப்பதாகவும், வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் மருத்துவன் அல்லன். கோயம்புத்தூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். "படிக்காதவனெல்லாம் மனநோய்க்கு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டான்" என்று கருத்துப் பெட்டிக்கு வரவிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நடந்ததையும், பின்னாளில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் தவிர வேறு எதையும் இங்கே எழுதவில்லை.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டிய குடியிருப்பில்) வளர்ந்தவன் நான். 2009 நவம்பர் இரண்டாம் வாரத்தில் நீலகிரியில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கிலும் குன்னூரைச் சுற்றியும் இரவோடு இரவாக மண் சரிந்து, மாவட்டம் முழுவதும் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது, மலை ரயில் நின்றது. எங்கள் லைனுக்கு மேலிருந்த சரிவும் கொஞ்சம் இறங்கிக் கடைசி வீட்டின் பின்சுவரைத் தள்ளியதே ஒழிய, உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. நான் அப்போது பத்தாம் வகுப்பு.

மழை விட்டு, சாலை சரியாகி, பள்ளியும் திறந்த பிறகுதான் கனவு வரத் தொடங்கியது. அம்மா முதுகில் கூடையுடன் கீழ்ச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். மேலே மண் வாய் திறக்கும். சத்தம் போட நினைப்பேன், குரல் எழாது. ஓட நினைப்பேன், முழங்கால் வரை சேறு. மண் அம்மாவைத் தொடும் இடத்தில் விழிப்பு வரும். அநேகமாக எப்போதும் விடியற்காலையில்தான் வரும், அதே நேரத்தில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் சத்தமும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டும் நெஞ்சு படபடப்பு அடங்க வெகுநேரம் ஆகும்.

சொன்னபோது என்ன நடந்தது தெரியுமா? "பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே தூங்குகிறார்கள், உனக்கென்ன கேடு?" என்றார் ஒரு மாமா. பள்ளியில் ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதும் கேட்கும்படி "பயந்தாங்கொள்ளி" என்றார்; அந்தப் பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை என்னோடு வந்தது. துயரத்துக்குத் தகுதி பார்க்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. யாராவது செத்திருந்தால்தான் ஒரு பிள்ளை பயப்படலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கண்ணால் பார்த்த ஆபத்தும் கனவில் வரும், மயிரிழையில் தப்பிய ஆபத்தும் வரும், தேர்வுப் பயமும் வரும், ஒரு காரணமும் இல்லாமலும் வரும்.

சிரிக்காமல் கேட்டவர் என் அப்பாயி ஒருவர்தான். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டவர் அவர். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது கையிலிருந்த பிள்ளை கூட்டத்தில் தவறிப்போவதாக அவருக்கும் வருடக்கணக்கில் கனவு வந்ததாம். நடக்கவே நடக்காத ஒன்று, ஆனாலும் வந்துகொண்டே இருந்தது என்றார். தலையணைக்கு அடியில் ஒரு பழைய இரும்புச் சாவியை வைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, நான் தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதை எழுதினால் மூடநம்பிக்கையைப் பரப்புகிறேன் என்று சிலர் பாயக்கூடும். சாவி கனவைத் தடுத்தது என்று நான் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் படுக்கையின் மேலிருந்த பயம் குறைந்தது, அது உண்மை.

கனவை உண்மையில் மாற்றியது வேறொன்று. வயிற்றுவலி என்று போன இடத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்த ஓர் ஆலோசகர் அம்மா, கனவைப் பகலில் ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதியதும், இதில் உனக்குப் பிடித்தபடி ஏதாவது ஒன்றை மாற்றி மறுபடி எழுது என்றார். மண்ணை நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் மண் நிற்காது என்பதைப் பார்த்தவன் நான். எனவே மண் இறங்குவதற்கு முன்பே தேயிலை ஃபேக்டரிச் சங்கு ஊதுவதாகவும், அதைக் கேட்டு அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் ஏறி வருவதாகவும், நாங்கள் இருவரும் மேலே ரோட்டிலிருந்து சரிவைப் பார்ப்பதாகவும் எழுதினேன். பழைய கனவைப் புரட்டிக்கொண்டிருக்காமல், இந்தப் புதிய கதையை மட்டும் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அதைச் செய்தேன். சில வாரங்களில் கனவுக்குள் சங்குச் சத்தம் கேட்டது. அம்மா ஏறி வரவில்லை, சேறும் அப்படியேதான் இருந்தது. ஆனால் சங்கு கேட்டது. அதன்பின் கனவு வரும் நாட்கள் மெல்லக் குறைந்து, பொதுத்தேர்வுக்குள் ஏறக்குறைய நின்றுவிட்டது.

இது அந்த அம்மா தாமாகக் கண்டுபிடித்த வித்தை அன்று என்பது பிறகுதான் தெரிந்தது. கற்பனை ஒத்திகை என்று பொருள்படும் பெயருடைய சிகிச்சை முறை இது. பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வன்கொடுமைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்து, பலன் இருப்பதாக 2001-இல் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை, நானும் தரவில்லை.

நீங்கள் 2 மணி வரை விழித்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் தூக்க நிலையில். அந்த நிலை இரவின் பின்பாதியில்தான் நீளும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டே போனால், அடுத்து அசந்து தூங்கும் இரவில் உடல் அந்த நிலையையும் சேர்த்து ஈடுகட்டப் பார்க்கும், கனவுகள் இன்னும் கனமாக வரும். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நம் வீடுகளிலோ 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தால்தான் பிள்ளை உருப்படும் என்ற நம்பிக்கை; நீங்கள் 2 மணிக்குத் தூங்கி 4 மணிக்கு எழுப்பப்படுகிறீர்கள் என்றால், கனவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டும். கனவு வரும் அந்தத் தூக்க நிலையில் கைகால் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும், விழித்த பின்னும் சில கணங்கள் அந்தத் தளர்ச்சி நீடிப்பது உண்டு. ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அது நேர்ந்தால் பயப்பட வேண்டாம், தானே விட்டுவிடும்.

முற்றாகக் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதாகத் தொலைக்காட்சியில் பார்த்த வாரம், கோயம்புத்தூர் வாடகை வீட்டில் எனக்கு அதே கனவு வந்தது. மறுநாள் பகலில் பழைய ஒத்திகையை எடுத்தேன். சில நாட்களில் அடங்கியது.

சில இடங்களில் இந்த முறை மட்டும் போதாது. அண்மையில் ஏதேனும் மாத்திரை தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகளும் கெட்ட கனவைக் கொண்டுவரக்கூடும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. கனவில் வருவது உங்களுக்கு ஒருவர் உண்மையாகவே செய்த, அல்லது இப்போதும் செய்துகொண்டிருக்கும் கொடுமை என்றால், தாளும் பேனாவும் அதற்கு வழி அல்ல. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 1098 எண்ணை அழையுங்கள். பகலிலும் மனம் ஓயவில்லை, உயிர்மேல் வெறுப்பு வருகிறது என்றால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கனவு என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இங்கே எழுதவும் வேண்டாம். ஒத்திகையைத் தொடங்கும்போது எடுத்த எடுப்பில் அந்தப் பெரிய கனவில் கை வைக்காமல், இடையில் வந்துபோகும் சிறிய கெட்ட கனவு ஒன்றை முதலில் மாற்றி எழுதிப் பழகுங்கள். பகலில், வெளிச்சத்தில், படுக்கையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். எழுதும்போது நெஞ்சு அடைத்தால் தாளை மூடிவிட்டு எழுந்து போய்விடலாம், மறுநாள் தொடரலாம். சிரிக்காத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். பெரும்பாலும் வயதானவர்களாக இருப்பார்கள், அவர்களிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.