காலையில் கோட்டை, மாலையில் கோயில்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். ஜூலை கடைசியில் சேலம் வருகிறோம். 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்காடு, தாரமங்கலம் கோயில், சங்ககிரிக் கோட்டை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: ஏற்காட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கிய பிள்ளைகளை அதற்குமேல் எங்கும் நடக்கவைக்க முடியாது. மற்ற இரண்டும் ஒரு நாளுக்குத் தாங்கும், வரிசை சரியாக இருந்தால். பலர் காலையில் கோயிலை முடித்துவிட்டு மதியம் கோட்டைக்குப் போகிறார்கள். அந்நேரம் பாறை கொதிக்கும். பாதியில் திரும்ப வேண்டியதுதான்.

சங்ககிரி அடிவாரத்தில் காலை 7 மணிக்கு இருங்கள். வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் மட்டும் வேண்டாம். இங்கே காலை 6 என்றால் பிள்ளைகள் உடம்புக்கு அது இன்னும் 2.30. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ அவசியம். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும், குரங்கு பறித்துவிடும். கழிப்பறைக்கு ஊருக்குள்ளேயே போய்விட்டு ஏறுங்கள். உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. வாசல் வாசலாக ஏறுவதே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான் என்று சொல்லிக்கொண்டே ஏறுங்கள். ஆடிப்பெருக்கன்று அவர் நினைவுக்குப் பெருங்கூட்டம் கூடும். வேறு நாள் பாருங்கள். 10 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

அம்மாவுக்குக் கோட்டை வேண்டாம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, படுத்தெழுந்து, அவரையும் கூட்டிக்கொண்டு மாலை 4.30-க்குத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும். கல்தளமும் வெறுங்காலைச் சுடும். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் மாலை வெயில் ராஜகோபுரத்தில் நேராக விழும். அடித்தளத்தைத் தேர்போலச் செதுக்கி, குதிரையும் யானையும் இழுப்பதாகக் காட்டியிருப்பது அப்போது துல்லியமாகத் தெரியும்.

இந்தப் பகுதியை அந்நாளில் ஆண்ட கெட்டி முதலியார்கள் எடுப்பித்த மண்டபத்தில் வாலி, இராமர் தூண்களை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு பிள்ளையை இராமர் பக்கமும் மற்றதை வாலி பக்கமும் நிறுத்துங்கள். இராமர் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார். வாலி இடத்திலிருந்து இராமர் தெரியமாட்டார். பிறகு இடம் மாறச் சொல்லுங்கள். சிங்கத்தின் வாயில் உருளும் கல் உருண்டையையும் காட்டுங்கள். உருளும், வெளியே வராது.

பொழுது சாய்ந்தால் தூண்களில் நுணுக்கம் தெரியாது. அதனால் முதலில் சிற்பம், பிறகு சாமி. அம்மா அதற்கு ஒப்பமாட்டார் என்றால், ஒருவர் அவரோடு சன்னதிக்குப் போக, மற்றவர் பிள்ளைகளோடு மண்டபத்தில் நில்லுங்கள்.