அப்பாவுக்குக் குழந்தைகள் தீட்டும் கோப்பை: வண்ணம் நிலைக்க என்ன வழி?

கேள்வி: என் கணவரின் பிறந்தநாளுக்குப் பீங்கான் கோப்பையில் படம் வரைந்து கொடுக்க 6 வயது மகளும் 3 வயது மகனும் ஆசைப்படுகிறார்கள். போன வருடம் போஸ்டர் கலரில் வரைந்தார்கள்; முதல்முறை கழுவியதுமே கரைந்துவிட்டது. மகள் அழுதேவிட்டாள். இந்த முறை எந்த வண்ணம் வாங்குவது? அதில் குடிக்கலாமா?

பதில்: போஸ்டர் கலரில் நிறத்தைப் பிடித்துவைத்திருப்பது தண்ணீரில் கரையும் பசை. எத்தனை நாள் காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகிவிடும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்தபின் கரையாது. ஆனால் பீங்கானின் வழுவழுப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை. நாலு முறை தேய்த்துக் கழுவினால் தோலாக உரிந்து வரும். பர்மனென்ட் மார்க்கரால் வரைந்து சூடாக்கினால் போதும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். அதுவும் நாளடைவில் மங்கிவிடும்.

உங்களுக்குத் தேவை, ஓவனில் சுட்டு இறுக்கும் பீங்கான் வண்ணம். கோப்பையைச் சோப்பால் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் மறுபடி துடையுங்கள். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாமல் திட்டுத்திட்டாக ஒதுங்கும். தீட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு குளிர்ந்திருக்கும் ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றுங்கள். திடீர்ச் சூடு பட்டால் பீங்கான் விரிசல் விடக்கூடும். பொதுவாக 150 டிகிரி செல்சியஸ் அளவில் 35 நிமிடம் வரை வைக்கச் சொல்வார்கள். ஆனால் வண்ணப் புட்டியில் அச்சிட்டிருப்பது எதுவோ அதையே பின்பற்றுங்கள். அணைத்தபின் கோப்பை உள்ளேயே ஆறட்டும். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சுடும் வேலை முழுக்க உங்களுடையது.

குடிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. வண்ணம் கோப்பையின் வெளிப்புறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அங்கும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். புட்டியில் ‘நச்சற்றது’ என்று இருப்பது, குழந்தை அதை வைத்துத் தீட்டலாம் என்பதற்குத்தான். உதடும் பானமும் படும் இடத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் மகளிடம் ‘அங்கே தொடாதே’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

சின்னவனுக்குக் கோப்பை வேண்டாம் என்பது என் கருத்து. வளைந்த பரப்பில் தூரிகை பிடிப்பது 3 வயதுக் கைக்குக் கடினம். அந்த வயதில் விரல் வாய்க்குப் போகவும் செய்யும். அவனுக்கு விரல் வண்ணம் வாங்கிக் கொடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 71-7, விரல் வண்ணத்தில் கசப்புப் பொருள் சேர்க்கச் சொல்கிறது. குழந்தை நக்கினாலும் உடனே துப்பிவிடும் என்பதற்காகத்தான். கெட்டியான தாளில் கையைப் பதிக்கட்டும். பஞ்சால் உள்ளங்கையில் மெல்லியதாகத் தடவுங்கள். வண்ணம் அதிகமானால் விரல்களுக்கு நடுவே வழிந்து, கை ஒரே அப்பலாகப் பதியும். இந்த வண்ணம் நீரில் கரையும் என்பதால் காய்ந்ததும் கண்ணாடிச் சட்டமிட்டுவிடுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: திருத்தாதீர்கள். சின்னவன் அப்பாவை வரைந்தால் தலையிலிருந்தே கால் முளைத்திருக்கலாம். 3, 4 வயதில் பல குழந்தைகள் மனிதரை அப்படித்தான் வரைவார்கள். மகளின் கோடு கோணினாலும் அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அப்பா வாங்கிக்கொள்ளப்போவது அவளுடைய கோட்டைத்தான்.

ஒரே மாதிரி இரண்டு கோப்பைகளாக வாங்குங்கள். ஒன்றில் அவள் பழகட்டும். அதையே முதலில் சுட்டுக் கழுவிப் பார்த்துவிட்டால் உங்கள் ஓவனின் சூடு சரிதானா என்பதும் தெரிந்துவிடும். பரிசுக் கோப்பையை மென்மையான பஞ்சால் கையில் கழுவச் சொல்லுங்கள். கம்பி நாரால் தேய்க்கக் கூடாது.