காருக்கு ஒரு பேர்ச்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சி புகையிரத நிலையத்துக்குக் கிட்ட எங்களுக்கு 12 பேர்ச் காணி இருக்கிறது. கீழே நாலு கடை, மேலே வாடகை அறைகள் என்று மூன்று மாடிக்கு மகன் வரைபடம் போட்டான். வாகனத் தரிப்பிடம் போதாதென்று வரைபடம் திரும்பி வந்துவிட்டது. கேட்கிற அளவுக்கு இடம் விட்டால் இரண்டு கடைதான் மிஞ்சும். கலிபோர்னியாவில் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டாயமே இல்லையென்று வெளிநாட்டில் இருக்கும் மருமகள் சொல்கிறா. அதை இங்கேயும் கொண்டுவரலாம்தானே? பக்கத்துக் கடைக்காரரோ, "அப்படி விட்டால் எல்லாரும் ஏ9 வீதியிலதான் கொண்டுவந்து விடுவாங்கள்" என்கிறார். உங்கள் எண்ணம் என்ன?

— உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

மருமகள் சொன்னது சரி. 2022 செப்டெம்பரில் கையெழுத்தாகி, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. முக்கியமான புகையிரத அல்லது பஸ் தரிப்பிடம் ஒன்றிலிருந்து அரை மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 800 மீற்றருக்குள் கட்டுகிறவரிடம் "இத்தனை காருக்கு இடம் விடு" என்று உள்ளூராட்சி சபை நிர்ப்பந்திக்க முடியாது. சில விலக்குகள் உண்டு. ஹோட்டல்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இடம் விட விரும்புகிறவர் தாராளமாக விடலாம். கலிபோர்னியா இதில் முன்னோடியும் அல்ல. லண்டன் 2004 இலேயே குறைந்தபட்சக் கணக்கைக் கைவிட்டுவிட்டு, இதற்கு மேல் விடாதே என்று உச்ச வரம்பு வைத்தது. மெக்சிகோ நகரம் 2017 இல் அதே வழியில் போனது.

லொஸ் ஏஞ்சலிஸில் பேராசிரியராக இருந்து 2025 இல் காலமான டொனால்ட் ஷூப் இதைப் பற்றியே பல பத்தாண்டுகள் எழுதினார். இலவசத் தரிப்பிடத்துக்கும் யாரோ காசு கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். கடைக்காரர் அதைச் சாமான் விலையில் ஏற்றுவார், வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றுவார். கடைசியில் நடந்து வருகிறவரும் கார்க்காரருக்கு இடவாடகை கட்டுகிறார்.

உங்கள் காணிக்கு வருவோம். ஒரு கார் நிற்க 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். அது உள்ளே வந்து திரும்பி வெளியே போகிற வழியையும் சேர்த்தால் 25 சதுர மீற்றருக்குக் குறையாது. ஒரு பேர்ச் என்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆறு கார் என்றால் உங்கள் 12 பேர்ச்சில் பாதி போய்விடுகிறது. கார் வந்தால் பரவாயில்லை. வருகிறதா?

போன காலபோக அறுவடை நேரம், ஏ9 ஓரத்தில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். பின்பக்கம் கல் பதித்து, வெள்ளைக்கோடு போட்டு, ஆறு காருக்கு அருமையான இடம். நாலு கட்டத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி காலால் நெல்லைத் துளாவிக்கொண்டிருந்தா. ஐந்தாவதில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். ஆறாவதில் வெங்காயச் சாக்குகள். வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள்கள் முழுவதும் முன்வாசலில், ஒன்றின் கைபிடி மற்றதற்குள் கொழுவியபடி நின்றன. என்னுடையதும் அங்கேதான் நின்றது. திரும்பி வந்து அதை இழுத்தெடுக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

பக்கத்துக் கடைக்காரரின் பயத்துக்கும் அதுவே பதில். பின்னால் எவ்வளவு இடம் விட்டாலும் நாங்கள் வாசலில்தான் நிறுத்துவோம். ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த இறங்குகிற எவராவது வெள்ளைக்கோடு தேடுகிறாரா? வீதியோரத்தை ஒழுங்குபடுத்த நேரக்கட்டுப்பாடும் கட்டணமும் வேண்டும், அதைப் பார்க்க ஆளும் வேண்டும். உங்கள் மகனின் இரண்டு கடையைப் பிடுங்கி அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆனால் கலிபோர்னியாச் சட்டத்தை அப்படியே தூக்கிவந்து இங்கே நடவும் நான் சம்மதியேன். அங்கே ஒரு பஸ் சந்தி கணக்கில் சேர வேண்டுமென்றால், சட்டம் வந்தபோது இருந்தபடி, குறைந்தது இரண்டு வழித்தடங்கள் அங்கே சந்திக்க வேண்டும். காலை மாலை நெரிசல் வேளையில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸாவது ஓட வேண்டும். புகையிரத நிலையத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. இங்கே அதுதான் இடிக்கிறது. 1990 இல் நின்ற வண்டி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது நிலையத்துக்குப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தக் கூவலைக் கேட்டுக் கிழவர்கள் அழுதார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அங்கே ஒரு நாளைக்கு நிற்கிற வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம். தர்மபுரத்திலும் அக்கராயனிலும் இருந்து கடைக்கு வருகிறவருக்கு அந்தத் தண்டவாளத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் பஸ்ஸைப் பார்ப்பார், அல்லது மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

ஆகவே விதியைத் தளர்த்துவதானால் புகையிரத நிலையத்தோடு பஸ் நிலையத்தையும் நடுவில் வைத்துத் தளர்த்த வேண்டும். கார்க்கணக்கைக் குறைக்கிற கையோடு, கூரை போட்ட மோட்டார் சைக்கிள், சைக்கிள் இடத்தைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு கார் நிற்கிற கட்டத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள் நிற்கும். சித்திரை வெயிலில் சீற்றில் கைவைத்துப் பார்த்தவருக்குக் கூரையின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தைக் கலிபோர்னியாச் சட்டமும் தொடவில்லை. வன்னியில் இதை விளக்க வேண்டியதில்லை. போரில் ஒரு காலை இழந்த என் நண்பர் ஒருவர் பின்னால் இரண்டு சில்லு பூட்டிய ஸ்கூட்டரில் வருவார். போன மாதம் ஒரு கடைவாசலில் சாய்தளம் இருந்தும், அதை மறித்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. வெளியே நின்றபடி போன் எடுத்து, சாமானை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: வரைபடத்தை அப்படியே திரும்பக் கொடுக்காமல், மேல்மாடி அறைகளுக்கு யார் வருவார்கள், எதில் வருவார்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணைக்கட்டும். மாணவரா, திங்கட்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து வெள்ளிக்கிழமை திரும்புகிற உத்தியோகத்தரா என்று தெளிவாக எழுதலாம். முன்பக்கம் ஒரு கார் கட்டத்தைச் சாய்தளத்தோடு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குக் கூரைபோட்ட மோட்டார் சைக்கிள் இடம் காட்டி, விதிவிலக்குக் கேட்கட்டும். கிடைக்குமென்று நான் வாக்குத் தரமாட்டேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பின்பக்கம் கல் பதிக்கிற எண்ணம் இருந்தால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தீர்களா? 2018 டிசெம்பர் வெள்ளம் உங்கள் காணியில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.