மருமகனைப் புல்லாங்குழல் விழாவுக்கு அழைத்துப் போகலாமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மஸ்கட்டில் வேலை, சின்ன வயதிலிருந்தே புல்லாங்குழல் வாசிப்பவர். அக்கா மகனுக்குப் பதினான்கு வயது, அவனுக்கும் குழல்தான் உயிர். அமெரிக்காவில் நேஷனல் ஃப்ளூட் அசோசியேஷன் ஆண்டுதோறும், வழக்கமாக ஆகஸ்டில், நான்கு நாள் நடத்தும் மாநாட்டுக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அக்காவும் அத்தானும் பிரிந்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் வழக்கு நடக்கிறது. பையன் அக்காவிடம் இருக்கிறான், அத்தான் கையெழுத்துப் போட மறுக்கிறார். 'பதினோரு மாதமாக ஜீவனாம்சம் தராதவருக்கு என்ன உரிமை? தாய்மாமன் நான் கூட்டிப் போகக் கூடாதா?' என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தில் பெரும்பகுதி அத்தானைப் பற்றித்தான். குழல் ஊதினால் சோறு கிடைக்குமா என்று அவர் பையனிடம் கேட்டது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீதிபதி முன்னால் அதற்கு எடை இல்லை. ஜீவனாம்ச பாக்கிக்குத் தனி மனு இருக்கிறது. அவர் பணம் தரவில்லை என்பதால் குழந்தை பற்றிய உத்தரவு ரத்தாகிவிடாது. அப்புறம், தாய்மாமன் என்ற உரிமை. நம் நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி, அதாவது மாமன் சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும் முறை, இருந்த காலத்தில் மாமன் சொல்லுக்கு வேறு மதிப்பு. அது போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. காது குத்துக்கு உங்கள் மடி வேண்டும், சரி. சட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது உங்களுக்கு இடமில்லை.

நீங்கள் அனுப்பிய இடைக்கால உத்தரவின் நகலில் நான்காவது பத்தி, கடைசி வரி. மாதம் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை அப்பா குழந்தையைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, 'இந்நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையை அதிகார எல்லைக்கு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது' என்று முடிகிறது. உங்கள் முழு விஷயமும் இந்த ஒரு வரிதான். கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

'நான்கு நாள்தானே, போய் வந்துவிட்டால் யாருக்குத் தெரியும்' என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே கேட்ட ஒரு தாயின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். மகளை நடன நிகழ்ச்சிக்காக ஒன்பது நாள் வெளிநாடு கூட்டிப் போனார். ஒரே ஒரு சனிக்கிழமை தவறியது. திரும்பி வந்தபோது எதிர்த்தரப்பு மனு காத்திருந்தது. உத்தரவை மீறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39 விதி 2ஏ-யின்படி சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். அவர் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அதுவரை 'நல்ல அம்மா' என்று பார்த்த நீதிபதி, 'சொன்னால் கேட்காதவர்' என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். குழந்தை வாரத்தில் மூன்று நாள் அப்பாவிடம் என்று உத்தரவு மாறியது. அந்தப் பிள்ளை கோர்ட் வராந்தாவில் அம்மாவின் சேலை முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இதைவிடப் பயம் பாஸ்போர்ட் விஷயத்தில். பையனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. ஒரு பெற்றோர் சம்மதிக்காதபோது மற்றவர் கொடுக்கும் உறுதிமொழியில், 'வழக்கு எதுவும் இல்லை என்று போட்டுவிடலாம்' என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னார்களாம். தயவுசெய்து போடாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 1967 பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 12-ன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாஸ்போர்ட்டையும் முடக்கலாம். கையெழுத்து உங்கள் அக்காவுடையது, சென்டர்காரருடையது அல்ல.

உங்களுக்கும் ஆபத்து உண்டு. அத்தான் 'மைனரைக் கடத்திவிட்டார்' என்று புகார் கொடுத்தால் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 137 வரும். அக்கா சம்மதத்தோடு போனதால் அது நிற்குமா என்பது பிறகு வாதாட வேண்டியது. எஃப்.ஐ.ஆர். விழுந்து லுக்அவுட் நோட்டீஸும் வந்துவிட்டால், திருவனந்தபுரம் விமானநிலையத்தில் குழல் பெட்டியைத் தோளில் மாட்டிய பையனோடு இமிக்ரேஷன் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். மஸ்கட் வேலைக்கும் அதே கவுண்டரைத்தான் நீங்கள் தாண்ட வேண்டும்.

நீதிபதி ஏன் தயங்குவார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். வேறு நாட்டுக்கு முறையின்றிக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. பையன் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டால் அப்பாவுக்கு அந்த வழியே கிடையாது. அத்தான் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது.

அதனால் என் யோசனை, சண்டை வேண்டாம். தவறும் சனிக்கிழமைக்கு ஈடாக இரண்டு சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் என்று அப்பாவுக்குக் கொடுங்கள். பையன் ஊரில் இல்லாத நாட்களில் தினமும் வீடியோ கால். திரும்பிய ஒரு வாரத்துக்குள் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைப்பதாக அக்காவின் பிரமாணப் பத்திரம், ரிட்டர்ன் டிக்கெட் விவரம், தலைமை ஆசிரியர் தரும் விடுப்புக் கடிதம். இவற்றோடு இரு தரப்பும் சேர்ந்து, ஒத்துக்கொண்டதை எழுதிக் கோர்ட்டில் கூட்டு மெமோவாகப் போட்டால், பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சேர்த்து ஒரே உத்தரவு வாங்கிவிடலாம். அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றை நோட்டரியிடம் வாங்கிப் பையிலும் வையுங்கள். பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளையிடம் அமெரிக்க எல்லை அதிகாரிகள் அதைக் கேட்கக்கூடும்.

அத்தான் அப்போதும் மறுத்தால், நடக்கும் வழக்கிலேயே ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு அனுமதி கேட்கலாம். மறுத்தவர் அவர், கொடுக்க முன்வந்தவர் அக்கா என்று நீதிபதிக்குத் தெரியும். ஆனால் மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. விசா நேர்காணலுக்கும் நாள் வேண்டும். ஜூனில் யோசித்தால் ஆகஸ்ட் போய்விடும்.

அத்தானிடம் நீங்கள் பேச வேண்டாம், அக்காவும் பேச வேண்டாம். அக்காவின் வக்கீல் இந்த வாரமே அவருடைய வக்கீலிடம் பேசட்டும்.