4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 பகா எண்ணா என்று மகளுக்கு வீட்டுப்பாடம். 3, 7, 11, 13 என எதனாலும் வகுபடவில்லை. இணையத்தில் ஒரு சோதனைக் கருவி ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்கிறது. அப்படியே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். அது பகு எண். 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும்.

உங்களுக்கு முன்பே பெரிய தலை ஒன்று இதில் ஏமாந்திருக்கிறது. இந்த எண் 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் ஒரு வரிசை வரும். அதில் இந்த எண்ணுக்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதை வைத்து, வரிசை முழுக்க அப்படித்தான் என்று நம்பினார் கணித மேதை ஃபெர்மா. 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஐக் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார்.

641-ஐ எப்படிப் பிடிப்பது? இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 128-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஆக 129, 257, 385, 513, 641 என்று போனால் போதும். இவற்றில் பகா எண்கள் 257-ம் 641-ம்தான். முதலாவதால் வகுபடாது, இரண்டாவதால் வகுபடும். இரண்டே வகுத்தலில் முடிகிற வேலை! பாடப்புத்தகமோ 11-இன் வகுபடும் விதியோடு கடையைக் கட்டிவிட்டு, வீட்டுப்பாடத்தில் பத்து இலக்க எண்ணைத் தூக்கிப் போடுகிறது.

இனி அந்தக் கருவி. அது பெரும்பாலும் நம்பியிருப்பது இந்த விதியைத்தான்: n ஒற்றைப்படைப் பகா எண் என்றால், n−1 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும். இதைத் திருப்பிப் போட்டு ‘மீதி 1, ஆகவே பகா எண்’ என்பதுதான் கோளாறு. 341 (11 × 31) இந்தச் சோதனையில் தேறிவிடும். உங்கள் எண் தேறாமல் போகவே வழியில்லை. எப்படி என்றால், 2³² அந்த எண்ணைவிட ஒன்று குறைவு, அதாவது மீதியை −1 என்று வைக்கலாம். இருமடி எடுத்தால் 2⁶⁴-க்கு மீதி 1. n−1 என்பதோ 2³², அது 64-இன் மடங்கு. அதனால் கடைசியிலும் மீதி 1-தான். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்திருந்தால் அப்போதே மாட்டியிருக்கும். ‘இருக்கலாம்’ என்று சொல்லும் கருவி எந்த எண்ணை வைத்துச் சோதித்தது என்று காட்டாவிட்டால் அதை மூடிவிடுங்கள்.

‘6-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 5 வந்தால் பகா எண்’ என்று ஒரு ரகசியச் சூத்திரத்தைக் காசுக்கு விற்கிறார்கள். சுத்தப் பித்தலாட்டம். 35-க்கு மீதி 5, உங்கள் எண்ணுக்கும் 5. இரண்டுமே பகு எண்கள். பணம் கட்டிவிடாதீர்கள்.

6700417-உம் பகா எண்தானா என்று ஆசிரியர் கேட்பார். அதன் காரணி எதுவும் உங்கள் எண்ணுக்கும் காரணிதான், அதனால் அதற்கும் அதே 128 விதிதான். அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்கிவிடுவதால் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தால் மட்டும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்திலும் மீதி விழும்.