வேகத்தடை தாண்டியும் கார் ஆடிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா?

8 ஆண்டு ஓடிய ஹேட்ச்பேக் கார், வேகத்தடையைத் தாண்டிய பின்னும் பின்பக்கம் மூன்று நான்கு முறை ஏறி இறங்குகிறது. மெக்கானிக் பின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஆலோசனைக்குப் பணம் கொடுத்துத் தோற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

நான் நாகர்கோவிலில் வசிக்கிறேன். மாதத்தில் இரண்டு முறையாவது தக்கலை வழியாகக் குலசேகரத்தில் உள்ள மனைவியின் வீட்டுக்குப் போய்வருவோம். ஒருநாள் பின் இருக்கையில் இருந்த அம்மா, "வள்ளத்தில இருக்கிற மாதிரி இருக்கு மக்களே" என்றபோதுதான் வண்டி ஆடுவதையே நான் கவனித்தேன். ஓட்டுபவருக்குப் பின்பக்க ஆட்டம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அருகிலிருந்த ஒரு பட்டறையில் பின் ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள். வண்டியின் பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்தது, ஆனால் ஆட்டம் குறையவில்லை. சொல்லப்போனால் சற்றுக் கூடியது.

கூடியதற்குக் காரணம் உண்டு. பள்ளத்தில் இறங்கும் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் அந்த ஆற்றலை அப்படியே திருப்பித் தந்து வண்டியை மேலே தள்ளும். அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைகிறது. எண்ணெய் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ பிஸ்டன் தடையில்லாமல் போய்வரும். அந்த நிலையில் புது ஸ்பிரிங் போடுவது, குதிக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு கொடுப்பதுதான்.

ஆகவே முதலில் ஆட்டத்தின் வகையைக் கவனியுங்கள். நொடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை என்று மெதுவாக வண்டி முழுவதும் ஏறி இறங்கினால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தையொட்டி ஸ்டீயரிங்கில் விறுவிறுவென்று தெரியும் அதிர்வு பெரும்பாலும் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை சார்ந்தது. வேகத்தடையில் 'டொக்' என்று தட்டும் ஓசை புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), லிங்க் ராடு (இணைப்புக் கம்பி) போன்றவற்றிலிருந்து வரலாம். டயரில் காற்று அதிகமாக இருந்தாலும் வண்டி துள்ளும் என்பதால், ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாகாத காலை வேளையில் சரிசெய்துவிடுங்கள். அதற்குச் செலவில்லை.

காரின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். விட்டவுடன் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் பழுது உறுதி. ஆனால் ஆடாவிட்டால் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, இறுக்கமான ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் கையால் அழுத்துவது போதாது. எனக்குத் துப்புக் கொடுத்தது வேறொரு பழைய வழி. பேச்சிப்பாறைச் சாலையில் மேடுபள்ளத்தில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே பின் ஷாக் அப்சார்பர்களின் உடலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருக்கும் பிரேக்கில் கைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இடப்பக்கம் சில்லென்று இருந்தது. வேலை செய்யாதது சூடாகாது. அதே பக்கத்து டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை ஓட்டியபோது மேடும் குழியுமாகத் தேய்ந்திருந்ததும் தெரிந்தது. ஷாக் அப்சார்பரின் உடலில் லேசான எண்ணெய்ப் பசை இருப்பது பெரிய குற்றமில்லை. வழிந்து புழுதி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு முதிய மெக்கானிக், கழற்றிய இடப்பக்க ஷாக்கை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். வாய் திறந்த சைக்கிள் பம்பைப் போல அது கீழே போயிற்று. "ஸ்பிரிங்குக்கு ஒரு கேடும் இல்ல சாரே" என்றார். ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது வண்டியின் நடத்தை இருபக்கமும் ஒத்துப்போகாது. பெரும்பாலான சிறிய கார்களில் பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக இருப்பதால் வேலை எளிது. முன்பக்கம் அப்படியல்ல. அங்கே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை உள்ளடக்கிய ஸ்ட்ரட் என்ற தூணின் மேல் அழுத்தப்பட்டு நிற்கிறது, அதற்குரிய கருவி இல்லாமல் வீட்டில் கழற்ற முனைவது உயிருக்கே ஆபத்து. முன்பக்கம் மாற்றினால் வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) பார்க்க வேண்டும்.

ஒரு நுணுக்கத்தையும் அவரிடம் கற்றேன். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுவதும் முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பல ஆண்டுகள் போய்வந்தும் இதை நான் அறிந்திருக்கவில்லை.

ஸ்பிரிங் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் அடிச்சுற்று துருவேறி ஒடிவதுண்டு. சமதரையில் நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இருபக்கமும் அளந்து பாருங்கள்; ஒருபக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தாலோ, சுற்றில் விரிசல் தெரிந்தாலோ உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. இரண்டும் இல்லையென்றால், அவர் எதை வைத்து ஸ்பிரிங் என்று முடிவுசெய்தார் என்பதைக் காரைத் தூக்கி வைத்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.