முடக்குவாத மருந்து எடுப்பவர் டம்மி டக் எப்போது செய்துகொள்ளலாம்?

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசி, இதற்கு நடுவில் டம்மி டக் (வயிற்றில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுக்கும் அழகு அறுவை) எப்போது செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் அடங்கியிருக்கும்போது செய்யலாம். இது அவசர ஆபரேஷன் இல்லை, ஆறு மாதம் தள்ளினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

தயவுசெய்து எல்லா மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தி மூட்டு வீங்கினால் அதை அடக்க ஸ்டீராய்டு கூட்ட வேண்டிவரும், புண் ஆறுவதை அது இன்னும் கெடுக்கும். அடலிமுமாப் விஷயம் வேறு, அது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் புண்ணில் தொற்று வரலாம். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்காக 2022-இல் தந்த வழிகாட்டி, ஒரு டோஸை விட்டுவிட்டு, கடைசி ஊசியிலிருந்து மூன்றாவது வாரத்தில் அறுவையை வைக்கச் சொல்கிறது (ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு முடக்குவாத மருந்து என்றால் ஏழாவது மாதம்). அழகு அறுவைக்கென்று எழுதியதில்லைதான், ஆனால் கணக்குப் போட நல்ல அடிப்படை.

அப்புறம் ஊசியை எப்போது திரும்பத் தொடங்குவது? சுமார் 14 நாள் கழித்து, தையல் பிரித்து, சிவப்போ கசிவோ இல்லாமல் இருந்தால் மட்டும். டம்மி டக்கில் வெட்டு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை நீளும், தோலுக்கடியில் நீர் சேரும், அதனால் அந்த நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயை எடுக்கும்வரை அவசரமே வேண்டாம்.

தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர் என்றால் அதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கலாம், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதி குறிப்பதற்கு முன்பே உங்கள் வாதநோய் டாக்டரும் சர்ஜனும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும்.